ஏழாவது பெஞ்சும் என் பிரம்பு நாற்காலியும்

அடுத்தவனுக்கு உட்கார இடம் பார்த்துக் குடுக்கிற உத்தியோகம் இருக்கே, அதுல இருக்கிறவனுக்கு உட்கார மட்டும் நேரம் கிடைக்காது.

ரயிலடியில, கலெக்டர் கச்சேரி வராந்தாவுல, கல்யாணப் பந்தியில, எங்கயாச்சும் ஒரு நாள் ஜனங்களுக்கு இடம் ஒதுக்கிப் பார்த்தவங்க இதைப் படிச்சா, "ஆமாய்யா, நம்ம கதைதான்"னு தலையில அடிச்சுக்குவாங்க. மத்தவங்க சும்மா சிரிச்சுக்கலாம். நான் வேலூர்ல ஒரு காலேஜுல பொது ஹாலுக்குக் குமாஸ்தாவா இருந்தேன். காலேஜு பேர் வேண்டாம், வம்பு. பொது ஹால்னா பசங்க படிக்கிறதும் அங்கதான், மத்தியானம் கட்டுச்சோறு அவுக்கிறதும் அங்கதான், சாயங்கால ரயிலுக்குக் காத்துக் கிடக்கிறதும் அங்கதான். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம்னு ரயில்ல வர்ற பசங்களே பாதிப் பேரு. காட்பாடியில எறங்கினா வசதி இருக்கிறவன் ஜட்கா வண்டி ஏறுவான், இல்லாதவன் பாலாத்தைத் தாண்டி நடந்தே வருவான்.

இருநூறு பசங்க. ஏழு பெஞ்சு, பெஞ்சுக்கு அஞ்சு பேர். அப்புறம் ஜன்னலோரமா எட்டு மர நாற்காலி, ஒரு தோல் சாய்வு நாற்காலி. வாசப்படிகிட்ட எனக்குன்னு ஒரு பிரம்பு நாற்காலி. எனக்கு ஏன் முப்பத்தெட்டு வயசுலயே மண்டையில மயிர் நிக்கலைன்னு இப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

துண்டு போட்ட இடம்

முதல் மணி அடிக்கிறதுக்கு முந்தியே ஹால் நிறைஞ்சுடும். ஆளால இல்ல, சாமானால. கர்ச்சீப்பு ஒரு இடம், மைப்புட்டி ஒரு இடம், தூக்குச்சட்டி ஒரு இடம், ஒத்தைச் செருப்பு ஒரு இடம். ஒத்தைச் செருப்பை இங்க விட்டுட்டு இன்னொரு காலோட ஒருத்தன் எங்க போயிருப்பான்னு ஒரு நாள் நான் தேடிக்கிட்டே போனேன். வகுப்புல கடைசி வரிசையில உட்கார்ந்துக்கிட்டு, ஒரு காலை மடக்கி வேட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தான்.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன் தாமோதரன். குடியாத்தத்துல நெசவுக்காரர் வீட்டுப் பையன். தறியிலேர்ந்து அறுத்த கட்டம் போட்ட லுங்கித் துணி ஒண்ணு வச்சிருந்தான். அதை விரிச்சா ஒரு பெஞ்சு முழுசும் மூடும். அதாவது ஒரே வீச்சுல அஞ்சு இடம். தானும் வர மாட்டான், கூட்டாளிங்களும் வர மாட்டாங்க, துணி மட்டும் காலையில ஒம்போது மணிக்கே வந்து ரெண்டாவது பெஞ்சுல படுத்துக்கும். ஒரு நாள் கோபத்துல அதைச் சுருட்டி என் மேஜைக்குள்ள போட்டேன். தன் இடத்தை நான் திருடிட்டேன்னு பிரின்சிபால்கிட்ட பிராது குடுத்துட்டான். துணியை இல்லீங்க, இடத்தை!

ஹால் பியூன் கோவிந்தன் என்னைவிட வயசுல பெரியவர், என்னைவிடப் பொறுமைசாலி. துணியை எடுத்து மறுபடியும் பெஞ்சுல விரிச்சுட்டு வந்து சொன்னாரு: "வுடுங்க சார். பசங்களைவிட இந்தத் துணிதான் ஒயுங்கா டயத்துக்கு வருது. இதுக்கும் ஒரு ஆஜர் போட்டுக்குங்க."

வெயில் தள்ளின பெஞ்சு

வேலூர் வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹால் நடுவுல ஒரே ஒரு பங்கா தொங்கும். வெளியில உட்கார்ந்து ஒருத்தர் கயித்தை இழுப்பாரு. அந்தக் காத்து மூணாவது பெஞ்சுக்கும் நாலாவது பெஞ்சுக்கும் மட்டும்தான். காலையில நானும் கோவிந்தனும் ஏழு பெஞ்சையும் நூல் பிடிச்ச மாதிரி போட்டுட்டுப் போவோம். பசங்க யாரும் எழுந்து பெஞ்சைத் தூக்கினதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனா சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தா, எல்லா பெஞ்சும் பங்காவுக்குக் கீழ ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும்.

ஏழாவது பெஞ்சு மட்டும் அசையாது. பின்கதவு ஓரமா, போட்ட இடத்துலயே இருக்கும். அது ஏன்னு அப்ப நான் யோசிக்கலை. ஒரு பெஞ்சாச்சும் சொன்ன பேச்சு கேக்குதேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன். மத்த ஆறையும் யாருடா தள்ளினதுன்னு தொண்டை கிழியக் கத்தினதுக்கு, தாமோதரன் எழுந்து நின்னு மரியாதையா பதில் சொன்னான்: "நாங்க யாரும் தள்ளல சார். வேலூர் வெய்யில் தள்ளிச்சு."

தோல் மேல துண்டு

அந்தத் தோல் சாய்வு நாற்காலி யாரோ ஒரு தோல் வியாபாரி தர்மமாக் குடுத்தது. உட்கார்ந்தா ஆளை உள்ள இழுத்துக்கும். அதுக்கு நடக்கிற அடிதடி இருக்கே, கோர்ட்டுல சொத்துத் தகராறு பார்த்திருக்கேன், அது தேவலாம். ஒருத்தன் எழுந்து தண்ணி குடிக்கப் போனா, திரும்பி வர்றதுக்குள்ள மூணு பேர் அதுல மடிமேல மடியா உட்கார்ந்திருப்பாங்க.

ரங்கநாதன்னு ஒரு பையன். குடுமியும் நாமமுமா வருவான். தண்ணியைக்கூட வீட்டுலேர்ந்து செம்புல கொண்டு வந்து குடிப்பான். யார் கையும் பட்டுடக் கூடாது. அவனும் ஒரு நாள் அந்த நாற்காலிக்கு மல்லுக்கட்டி ஜெயிச்சுட்டான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏம்ப்பா, உங்க வீட்டுல தோல் செருப்பைத் தெருவாசல்லயே விட்டுட்டுத்தானே உள்ள போவீங்க, இதுல மட்டும் எப்படி?"ன்னு கேட்டேன். அவன் கோவிச்சுக்கலை. தோள் துண்டை எடுத்து நாற்காலி மேல அழகா விரிச்சான், ஏறி உட்கார்ந்தான், காலை நீட்டினான். அப்புறம் சொன்னான்: "தோல் மேல துண்டு சார், துண்டு மேல நான். இதுல தோஷம் எங்க இருக்கு?"

வெள்ளிக்கிழமைக் கால்கள்

இருக்கிற இடம் போதலை, இன்னும் நாற்காலி வேணும்னு பசங்க பிரின்சிபாலுக்கு மனு எழுதினாங்க. எங்க பிரின்சிபால் நல்ல மனுஷன்தான். ஆனா கண்ணால பார்த்தாலும் நம்ப மாட்டாரு, காகிதத்துல எண்ணா வந்தாத்தான் நம்புவாரு. என்னைக் கூப்பிட்டு ஒரு தடி ரிஜிஸ்தரைக் கையில குடுத்தாரு. ஒவ்வொரு இடத்துக்கும் நம்பர். தினம் காலையில பத்து மணிக்கு, மத்தியானம் ஒரு மணிக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு நான் ஹாலைச் சுத்தி வரணும். எந்த நம்பர்ல ஆள் இருக்கோ அதுக்கு நேரா ஒரு புள்ளி. மூணு மாசத்துக்கு! கடைசியில ஒரு பத்தி, 'குறிப்பு'ன்னு. ஏதாச்சும் விசேஷமா இருந்தா அதுல எழுதணும். நான் அதுல ஒண்ணும் எழுதலை. புள்ளி வைக்கவே கண்ணு பூத்துப் போச்சு.

முதல் மாசம் பார்த்துட்டு பிரின்சிபால் புருவத்தைத் தூக்கினாரு. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மட்டும் பாதி ஹால் காலி. "அன்னைக்கு மட்டும் இவங்களுக்குக் கால் வலிக்காதா?"ன்னு கேட்டாரு. அவர் வெளியூர்க்காரர், நம்ம பக்கத்து வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியாது. ஜும்மா தொழுகைக்குப் பசங்க மசூதிக்குப் போறாங்கன்னு நான் சொல்றதுக்குள்ள, அந்தப் பக்கமா துருக்கித் தொப்பியோட போன ரவூபையே நிறுத்திக் கேட்டுட்டாரு. ரவூபு ஆம்பூர்ல தோல் பதனிடுற ஒரு பெரிய டேனரி முதலாளியோட மகன். தோல் நாற்காலிக்கு நடக்கிற சண்டையில பாதி நாள் ஜெயிக்கிறவன். அவன் கையைக் கட்டிக்கிட்டு ரொம்ப அடக்கமா சொன்னான்: "அங்கயும் தரையில உக்காந்துதான் சார் இருக்கோம். குமாஸ்தா சாரை அனுப்புங்க, அதையும் எண்ணிக்கட்டும்."

காத்து வராத இடம்

இப்பத்தான் ஏழாவது பெஞ்சுக்கு வர்றேன். அதுக்கு முந்தி என் ரூல் ஒண்ணைச் சொல்லணும். ஹால் அலமாரியில பாடப் புத்தகங்கள் இருக்கும். வெளிய கொண்டு போகக் கூடாது. பையன் எந்த நம்பர் இடத்துல உட்கார்ந்திருக்கானோ அதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாத்தான் புத்தகம். நம்பர் இல்லாட்டிப் புத்தகம் இல்ல. நின்னுக்கிட்டே வாங்கினவங்க புத்தகத்தோட அப்படியே ரயிலேறிட்டதால, அந்த ரூலை நானே எழுதி, சிவப்பு மையில சுவத்துல மாட்டினேன். சாயங்காலம் சீட்டெல்லாம் பிரின்சிபால் மேஜைக்குப் போகும்.

முப்பத்தஞ்சாம் நம்பர், ஏழாவது பெஞ்சோட கடைசி ஓரம். அங்க உட்கார்றவன் மாணிக்கம். ஆம்பூர்லேர்ந்து வர்றவன், இன்டர்மீடியட் ரெண்டாவது வருஷம். அவங்க அப்பா ரவூபு வீட்டு டேனரியில சுண்ணாம்புக் குழியில வேலை. பையனும் விடியக்காலை எழுந்து, ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறுற தோலைப் புரட்டிப் போட்டுட்டுத்தான் ரயிலுக்கு ஓடி வருவான். உள்ளங்கை ரெண்டும் செம்மண் நிறத்துல இருக்கும், எத்தனை தேய்ச்சாலும் போகாது. சொந்தமா ஒரு புத்தகம் கிடையாது. அவன் படிச்சது அத்தனையும் அந்த முப்பத்தஞ்சாம் நம்பர் போட்டு வாங்கிப் படிச்சதுதான்.

முப்பத்து ஒண்ணுலேர்ந்து முப்பத்து நாலு வரைக்கும் காலி. என்னைக்கும் காலி. பசங்க சுவத்துல சாஞ்சு நிப்பாங்க, ஜன்னல் கட்டையில தொத்திக்குவாங்க, அந்த நாலு இடத்துல மட்டும் உட்கார மாட்டாங்க. கேட்டா ஒருத்தன் காத்து வரலைன்னான். ஒருத்தன் பெஞ்சு ஆடுதுன்னான். ஒருத்தன் வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னான். பின்கதவுகிட்ட வெளிச்சமே வராது! மாணிக்கம் எந்தத் தெருவிலேர்ந்து வர்றான்னு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தனும் வாயைத் திறந்து அதைச் சொல்லலை. கடைசியில தாமோதரன் மூக்கைத் தடவிக்கிட்டு, "வாசனை சார்"ன்னு முணுமுணுத்தான். தோல் நாற்காலியில கண்ணை மூடிப் படுத்திருந்த ரவூபு எழுந்து உட்கார்ந்துட்டான்: "வாசனையா? அந்த வாசனையிலதான்டா எங்க வூட்டுல பிரியாணி வேவுது! நீ ரெண்டு தட்டு துன்னல?"

ரெண்டு நிமிஷ தோஸ்த்

சொன்னதோட விட்டானா? வீம்புக்காரன். பதினோரு மணி இருக்கும், நேரா போய் முப்பத்து நாலாம் நம்பர்ல தொப்புன்னு உட்கார்ந்தான். ஹாலே திரும்பிப் பார்த்தது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், இன்னையோட இந்தப் பீடை ஒழிஞ்சுதுன்னு. மறுநிமிஷம் மாணிக்கம் எழுந்து நின்னுட்டான். புத்தகத்தை மூடி, கையைக் கட்டிக்கிட்டு. "உக்காருடா தோஸ்த்"ன்னு ரவூபு கையைப் பிடிச்சு இழுக்கிறான், இவன் உட்கார மாட்டேங்கிறான். ஒருத்தன் உட்கார்ந்துக்கிட்டும் ஒருத்தன் நின்னுக்கிட்டும் எத்தனை நேரம் இருப்பாங்க? "பேஜாரா பூட்ச்சு சார்"ன்னு சொல்லிட்டு ரவூபு தோல் நாற்காலிக்கே திரும்பிப் போய்ட்டான். நான் புள்ளி வைக்கிற நேரம்கூட வரலை.

எனக்கு வந்த ஆத்திரத்துல மாணிக்கத்தையே பிடிச்சுக்கிட்டேன். "பக்கத்துல யாரும் உட்காரலைன்னாலும் தப்பு, உட்கார்ந்தாலும் தப்பா? உனக்கு இன்னாதான்டா வேணும்?" அவன் குரலை உசத்தவேயில்லை: "மொதலாளி மகனோட ஒரே பெஞ்சுல உக்காந்தேன்னு தெரிஞ்சா, எங்கப்பாதாங்கய்யா மொதல்ல அடிப்பாரு."

பிள்ளையார் பிடிக்கப் போய்

மூணு மாசம் முடிஞ்சு ரிஜிஸ்தரைக் கொண்டு போய்க் குடுத்தேன். ஆயிரக்கணக்குல புள்ளி. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. எனக்குப் பெருமையான பெருமை. இதைப் பார்த்துட்டாச்சும் நாலு நாற்காலி கூடுதலா குடுப்பாருன்னு நினைச்சேன். பிரின்சிபால் கண்ணாடியை மாட்டிக்கிட்டு விரலால கோடு பிடிச்சுக்கிட்டே வந்தாரு. மத்த நம்பருக்கெல்லாம் நேரா எறும்பு ஊர்ற மாதிரி புள்ளி. முப்பத்து ஒண்ணு காலி. முப்பத்து ரெண்டு காலி. மூணு காலி. நாலு காலி. அந்த பெஞ்சுல முப்பத்தஞ்சுக்கு நேரா மட்டும் புள்ளி புள்ளியா.

"இடம் போதலைன்னு மனு குடுத்தாங்க, இங்க நாலு இடம் மூணு மாசமா சும்மா கிடக்குது"ன்னாரு. அந்த பெஞ்சை எடுத்து விளையாட்டுச் சாமான் கொட்டகையில போடச் சொல்லிட்டு, அந்த இடத்துல பத்திரிகை ஸ்டாண்டு வைக்கச் சொன்னாரு. ஏன் காலின்னு அவர் கேக்கலை. நானும் சொல்லலை. வாயில கொழுக்கட்டை. சொல்ல ஆரம்பிச்சா யார் யார் பேரையெல்லாம் இழுக்கணும், யார் அப்பன் வந்து சண்டை பிடிப்பான்னு மனசு முன்னாலயே ஓடிப் போச்சு. ஒருத்தன் உட்கார்றானே சார்னு மட்டும் முனகினேன். அவர் ரிஜிஸ்தரைப் பட்டுன்னு மூடினாரு: "அஞ்சு பேர் பெஞ்சுல ஒருத்தன் உட்கார்ந்தா, அது பெஞ்சா, சிம்மாசனமா?"

நம்பர் இல்லாதவன்

மறுநாள் காலையில மாணிக்கம் பின்கதவுகிட்ட போய் நின்னான். பெஞ்சு இருந்த இடத்துல பத்திரிகை ஸ்டாண்டு. ஒரு நிமிஷம் அதையே பார்த்துட்டு என் மேஜைக்கு வந்தான். பரீட்சைக்கு ஆறு வாரம். வழக்கமா வாங்குற சரித்திரப் புத்தகத்தைக் கேட்டான். நான் வழக்கம் தவறாம கேட்டேன், "நம்பர்?" பழக்கம் பாருங்க! அவன் திரும்பி ஹாலைப் பார்த்தான். ஆறு பெஞ்சும், ஜன்னலோர நாற்காலியும் நிறைஞ்சிருக்கு. ரெண்டாவது பெஞ்சுல மட்டும், கொஞ்சம் மடிஞ்சு கிடந்த தாமோதரன் துணிக்குப் பக்கத்துல ஒரு ஆள் உட்காரலாம். அவன் அந்தப் பக்கம் ஒரு அடி வச்சதுமே துணி விரிஞ்சு அந்த இடத்தையும் மூடிக்கிச்சு. சும்மா குடுத்துத் தொலைச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. முந்தின வாரம்தான் நம்பர் இல்லாம கேட்ட ரெண்டு பேரை ஊரே கேக்கிற மாதிரி திட்டி அனுப்பியிருந்தேன். சீட்டு ஒவ்வொண்ணும் பிரின்சிபால் பார்வைக்குப் போகுது. குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம், அது நான்தான். மாணிக்கம் சுவத்துல இருந்த என் சிவப்பு மை போர்டைப் படிச்சான், தலையை ஆட்டினான்: "செரிங்கய்யா. பசங்க யாராச்சும் வாய்வுட்டுப் படிச்சா, கதவாண்ட நின்னுக்கினு கேட்டுக்கறேன்."

அன்னைக்கு அவன் நிஜமாவே சாயங்காலம் வரைக்கும் கதவுகிட்ட நின்னான். அந்த ஹால்ல எந்தப் பய வாய்விட்டுப் படிப்பான்? அடுத்த விளையாட்டுப் பந்தயத்துல யார் ஜெயிப்பான்னுதான் பேசிக்கிட்டிருந்தானுங்க. பையன் தேறலைன்னா மறுபடியும் சுண்ணாம்புக் குழிதான், வேற வழி கிடையாது. அதுக்கு நான் வச்ச புள்ளிதான் காரணம்.

மறுநாள் ஒரு துண்டுச் சாக்பீஸ் எடுத்தேன். என் பிரம்பு நாற்காலி முதுகுல பெருசா 35 எழுதினேன். ஹால் நடுவுல, பங்காவுக்குக் கீழ கொண்டு போய்ப் போட்டேன். "உட்காருடா"ன்னேன். "ஐயா நாற்காலியில எப்டிங்கய்யா"ன்னு பின்னாலயே போறான். "புத்தகம் வேணுமா வேணாமா? இந்த ஹால்ல முப்பத்தஞ்சாம் நம்பர் இதுதான். உட்காரலைன்னா நான் உன்னை அடிப்பேன், உங்கப்பனையும் அடிப்பேன்!" நான் போட்ட சத்தத்துல பங்கா இழுக்கிறவரே கயித்தை விட்டுட்டாரு. அவன் நுனியில உட்கார்ந்தான், இறகு வச்ச மாதிரி. நான் அவன் சீட்டுல முப்பத்தஞ்சுன்னு எழுதிக்கிட்டு, அந்த வாரம் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்த்தேன். கோவிந்தன் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டுச் சொன்னாரு: "இத்தினி வருசத்துல உங்களை முயுசா இன்னிக்குத்தான் சார் பார்க்கிறேன். நல்ல ஒசரம்தான் நீங்க."

குறிப்பு

அஞ்சாம் நாள் பிரின்சிபால் கையில சீட்டுக் கட்டோட வந்துட்டாரு. மனுஷன் அதையும் எண்ணியிருக்காரு! "பெஞ்சை எடுத்தாச்சு. முப்பத்தஞ்சாம் நம்பர்ல தினம் ஒருத்தன் சரித்திரம் படிக்கிறான். எங்க இருக்கு முப்பத்தஞ்சு?" நான் கையைக் காட்டினேன். என் நாற்காலியிலேர்ந்து மாணிக்கம் எழுந்து நின்னு புத்தகத்தை மூடுறான். நான் தூண்ல சாஞ்சு நிக்கிறேன், முட்டி ரெண்டும் கழண்டு போற மாதிரி வலி. பொய்க் கணக்கு எழுதினதுக்கு என்னை வேலையை விட்டே அனுப்பலாம்னு அவர் சொல்ல ஆரம்பிச்சாரு.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிடுச்சு. அவர் மேல இல்ல, என் மேலதான். அவர் திருப்பிக் குடுத்திருந்த ரிஜிஸ்தரை மேஜையிலேர்ந்து எடுத்தேன். மூணு மாசமா வெள்ளையாக் கிடந்த 'குறிப்பு'ப் பத்தியில, அவர் முன்னாலயே நின்னுக்கிட்டு எழுதினேன்: 'முப்பத்து ஒண்ணு முதல் முப்பத்து நாலு வரை பெஞ்சில் குறையில்லை. மாணிக்கம் என்ற மாணவன் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனசில்லை. இந்தக் குமாஸ்தாவும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.' கடைசி வரியை எழுதணும்னு நினைச்சு நான் ஆரம்பிக்கலை. எழுதும்போதுதான் அது எனக்கே தெரிஞ்சுது. மூணு மாசம், தினம் மூணு தடவை அந்த பெஞ்சைத் தாண்டி நடந்திருக்கேன். கால் கடுத்த நாள்கூட அதுல உட்கார்ந்ததில்லை.

பிரின்சிபால் ரெண்டு தடவை படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. சாயங்காலத்துக்குள்ள பெஞ்சு பழைய இடத்துல இருக்கணும்னு கோவிந்தன்கிட்ட சொன்னாரு. நான் தப்பிச்சேன்னு மூச்சு விட்டேன். வாசப்படி வரைக்கும் போனவர் திரும்பினாரு: "இதை மூணு மாசம் முந்தியே எழுதியிருந்தா, நான் அந்த பெஞ்சை எடுத்திருப்பேனாய்யா?"

முப்பத்து நாலும் முப்பத்தஞ்சும்

பையன் தேறினானான்னு உங்களுக்கு அரிக்கும், முதல்லயே சொல்லிடறேன். தேறிட்டான். சரித்திரத்துல நல்ல மார்க்கு. அப்புறம் மேல படிக்க மெட்ராஸுக்குப் போனான். ஆனா எனக்கு மறக்காம நிக்கிறது அது இல்ல. பெஞ்சு திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் நடந்தது.

அன்னைக்கு என் புளிச்சோத்து மூட்டையை எடுத்துக்கிட்டு நேரா ஏழாவது பெஞ்சுக்குப் போனேன். முப்பத்து நாலாம் நம்பர்ல உட்கார்ந்தேன். மாணிக்கம் வழக்கம் போல எழுந்துட்டான். "எழுந்தா காலை ஒடிச்சிடுவேன், உட்காருய்யா"ன்னேன். உட்கார்ந்தான். அந்தப் பக்கம் ஒரு பத்து ஜோடிக் கண்ணு எங்களையே பார்க்குது. பார்த்துட்டுப் போங்கடான்னு நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். ஏதோ பெரிய காரியம் பண்ணிட்ட மாதிரி எனக்குள்ள ஒரு தெம்பு வேற. அவன் புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு குனிஞ்சே இருந்தான். நான் சோறு முழுசும் தின்னு, கை கழுவிட்டு வந்து, ஒரு வெத்திலையும் போட்டாச்சு. மணி அடிக்கப் போகுது. அவன் புத்தகத்துல ஒரு பக்கம்கூடத் திரும்பலை.

"இன்னாடா, படிக்கிறியா தூங்குறியா?"ன்னு அதட்டினேன். அவன் அந்தச் செம்மண் நிறக் கையால பக்கத்தைத் தடவிக்கிட்டே, என்னைப் பார்க்காமச் சொன்னான்: "தப்பா நெனைக்காதீங்கய்யா. பக்கத்துல ஒருத்தர் இருந்தா படிக்க வர்ல. பயக்கம் இல்ல, அதான்."

மூணு மாசம் வெயில்லயும் புழுக்கத்துலயும் ஹாலைச் சுத்திச் சுத்தி வந்து நான் நிரப்பின அந்தத் தடி ரிஜிஸ்தர்ல, முப்பத்து நாலாம் நம்பருக்கு நேரா விழுந்த ஒரே புள்ளி, அன்னைக்கு ஒரு மணிக்கு எனக்கு நானே வச்சுக்கிட்டதுதான்.